கியூசு வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மண்ணை அல்ல, இலையை

கேள்வி இது: வீட்டில் இரண்டு பேர். கையில் ஒரு பாக்கெட் சென்சா என்ற ஜப்பானியப் பச்சைத் தேயிலை. வாங்கலாம் என்று பார்த்து வைத்திருப்பது 800 மி.லி. கறுப்பு இரும்பு டீப்பாட். அதையே வாங்கலாமா, இல்லை சிவப்பு மண்ணில் செய்த கியூசு என்ற சின்ன ஜப்பானியத் தேநீர்க் கெண்டிதான் சரியா? பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு மண் கியூசுகளில் ஒன்று 3,000 யென், மற்றது 15,000 யென் என்பது எதனால்?

முதலில் நேரடிப் பதில். இரும்பு வேண்டாம். நிறைத்தால் 280 முதல் 300 மி.லி. பிடிக்கும் பக்கக் கைப்பிடிக் கியூசு ஒன்று போதும். உங்கள் சென்சா ‘ஃபுகமுஷி’ (நீண்ட நேரம் ஆவிகாட்டி நொறுங்கிய இலை) வகை என்றால் சுற்றிலும் மெல்லிய கம்பி வலை உள்ளதாகவும், இல்லையென்றால் மண்ணிலேயே துளையிட்ட வடிகட்டி உள்ளதாகவும் எடுங்கள். எந்த ஊர் மண், என்ன நிறம், யார் கைவேலை என்பதெல்லாம் அதற்கு அப்புறம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில் தொடங்கி வடிகட்டியில் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரும்பு ஏன் வேண்டாம் என்பதை முடித்துவிட்டு மேலே போகலாம். கடையில் ‘ஜப்பானிய இரும்பு டீப்பாட்’ என்ற பெயரில் இரண்டு வேறு வேறு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று தெட்சுபின். உள்ளே பூச்சு எதுவும் இல்லாத வார்ப்பிரும்பு; இவாத்தே மாகாணத்து ‘நம்பு’ என்ற வார்ப்பு வேலைப்பாடு இதில் பேர்போனது. அது அடுப்பில் வைத்துத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரம். அதில் யாரும் தேநீர் போடுவதில்லை. தேயிலையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுத்துவிடும். (உள்ளே செந்துரு ஏறிய தெட்சுபினில் தேயிலையைப் போட்டுக் கொதிக்கவிட்டு அந்தக் கறுப்பாலேயே துருவை அடக்குகிற பழைய வைத்தியம்கூட உண்டு.) இன்னொன்று, உள்ளே எனாமல் பூசி, கம்பிக் கூடை வைத்த இரும்புக் கியூசு. இதில் தேநீர் போடலாம், ஆனால் அடுப்பில் வைக்கக் கூடாது. எனாமல் விண்டுவிடும், விண்ட இடத்தில் துரு பிடிக்கும். கனமும் அதிகம். இரும்பு சூட்டை விடாமல் பிடித்து வைத்திருப்பதால், முதல் வடிப்பு முடிந்ததும் உள்ளே ஈரமாகக் கிடக்கும் பச்சை இலை வெந்துகொண்டே இருக்கும். இரண்டாவது வடிப்பு மஞ்சளாகக் கசந்து வருவதற்கு இது ஒன்றே போதும். ஹோஜிசா மாதிரி வறுத்த இலைக்கு இதைப் பயன்படுத்தலாம், சென்சாவுக்கு ஒத்துவராது.

இனி இலை. பாக்கெட்டைப் பிரித்து ஒரு கரண்டி இலையை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். ஊசி போல் நீண்டு, பளபளப்போடு, முழுசு முழுசாக இருந்தால் அது குறைவாக ஆவிகாட்டிய அசமுஷி, அல்லது நடுத்தரமாக ஆவிகாட்டிய சென்சா. துண்டு துண்டாக நொறுங்கி, இடையில் பச்சைப் பொடி கலந்து, விரலில் ஒட்டினால் ஃபுகமுஷி. பறித்த இலை கறுக்காமல் இருக்க ஜப்பானியர்கள் அதை நீராவியில் காட்டுவார்கள். அசமுஷிக்கு அரை நிமிடம் போல. ஃபுகமுஷிக்கு ஒரு நிமிடத்தைத் தாண்டி, சில சமயம் இரண்டு நிமிடம் வரை. நீண்ட நேரம் வெந்த இலை உருட்டும்போது உடைந்துவிடும். ஜப்பானின் ஷிசுவோகா மாகாணத்து மகினோஹாரா மேட்டு நிலத்தில் வெயில் அதிகம்; இலை தடித்துத் துவர்ப்பு ஏறியிருக்கும். அந்தத் துவர்ப்பை அடக்கத்தான் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நீண்ட நேர ஆவி வழக்கத்துக்கு வந்தது. இன்று கடைகளில் கிடைக்கும் சென்சாவில் கணிசமான பங்கு இந்த வகைதான். ஆனால் மண் வடிகட்டியின் பழைய வடிவங்கள் உடையாத இலையை மனதில் வைத்து வந்தவை. அடைப்புத் தொல்லையின் மூலம் இங்கே இருக்கிறது.

வடிகட்டி வகைகள் ஐந்தாறு இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு. முதலாவது, மூக்கு உடலோடு சேரும் இடத்தில் உட்சுவரையே துளைத்தது. ஏழெட்டுப் பெரிய துளைகள்தான் இருக்கும். முழு இலைக்கும், பெரிய இலையுள்ள பஞ்சா என்ற சாதாரணப் பச்சைத் தேயிலைக்கும் மட்டும் சரி. இரண்டாவது, ‘சசமே’. நூற்றுக்கணக்கான நுண்துளை போட்ட மெல்லிய மண் தகட்டை உள்ளே ஒட்டிச் சுட்டது. அது அரைப்பந்து போல உள்பக்கம் புடைத்திருந்தால் ‘தெபெசோ’ என்பார்கள். துருத்திய தொப்புள் என்று அர்த்தம். புடைப்பு ஏன் என்றால், தட்டையான தகட்டின் மேல் ஓர் இலை படுத்தாலே பல துளைகள் மூடிக்கொள்ளும். உருண்டையின் மேல் இலை வழுக்கி விலகும். கீழே அடைத்தாலும் மேலே வழி இருக்கும். நடுத்தர சென்சாவுக்கு இதைவிட நல்லது இல்லை. உலோகம் எதுவும் தேநீரில் படாது என்பது கூடுதல் லாபம்.

மூன்றாவது, ‘ஒபி-அமி’. கியூசுவின் உட்சுவரை ஒட்டி வளையமாக ஓடும் துருப்பிடிக்காத கம்பி வலை. வடியும் பரப்பு பல மடங்கு கூடிவிடுவதால் ஃபுகமுஷியின் பொடி ஒரு பக்கம் அடைத்தாலும் மறு பக்கம் வழிவிடும். அதே சமயம் இலைக்குப் பாத்திரம் முழுக்க இடம் கிடைக்கிறது. நான்காவது, மேலே தொங்கும் கம்பிக் கூடை. கழுவ எளிது என்பதால் உணவு விடுதிகளிலும் அலுவலகங்களிலும் இதுதான். ஆனால் இலை கூடைக்குள் நெருக்கியடித்து, சரியாக விரியாமல் நிற்கும். தண்ணீர் குறைவாக ஊற்றினால் கூடையின் அடியை மட்டும் நனைக்கும். கூடை வைத்த கியூசு வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கூடை அடித்தளத்தைக் கிட்டத்தட்டத் தொடுகிறதா என்று பாருங்கள். பாதி உயரத்தில் தொங்கினால் விட்டுவிடுங்கள்.

அளவு. 800 மி.லி. என்று நினைப்பது நம் வீட்டு டம்ளர் கணக்கு. சென்சாக் கோப்பை 80 முதல் 100 மி.லி.; நிழலில் வளர்த்த உயர்ரகப் பச்சைத் தேயிலையான கியொகுரோ என்றால் ஒருவருக்கு 20 மி.லி. கூடச் சரிதான். இரண்டு பேருக்கு ஒரு வடிப்பு என்பது 170 மி.லி. தண்ணீர். விற்பவர் எழுதும் கொள்ளளவு பெரும்பாலும் விளிம்பு வரை நிறைத்த அளவு. கையாளக் கூடியது அதில் எண்பது சதவீதம் போல. ஆக, ஒருவருக்கு 180–200, இருவருக்கு 280–300, மூன்று நான்கு பேருக்கு 350–400 என்று எடுத்தால் போதும். 800 மி.லி. பாத்திரத்தில் 170 மி.லி. ஊற்றினால் தண்ணீர் அடியில் மெல்லிசாகப் பரவி உடனே ஆறிவிடும். இலையின் பாதி நனையாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைச் சரிசெய்வதாக நினைத்து நிறையத் தண்ணீர் ஊற்றினால், மிச்சம் இலையோடேயே ஊறிக் கசந்துபோகும். ஒவ்வொரு முறையும் கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டிய தேநீருக்குச் சிறிய பாத்திரம்தான் இசைவு.

கைப்பிடியில் பக்கக் கைப்பிடி, அதாவது ‘யோகொடே’, கியூசுவுக்கே உரிய அடையாளம். பின்பக்க வளையம் போட்டது உஷிரொடே. மேலே வளைந்த பிடி உள்ளது தோபின், பெரிய அளவில் பஞ்சா, ஹோஜிசாவுக்கு. பிடியே இல்லாதது ஹோஹின். 50, 60 பாகை வெந்நீரில் போடும் கியொகுரோவுக்கானது, சூடான நீர் ஊற்றினால் கையில் பிடிக்க முடியாது. யோகொடேவில் கைப்பிடிக்கும் மூக்குக்கும் இடையே கோணம் 90 பாகைக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். பிடி உங்களைப் பார்க்க வைத்தால் மூக்கு இடப்பக்கம் இருக்கும். வலக்கையால் பிடித்து, கட்டைவிரலால் மூடியை அழுத்தி, மணிக்கட்டை உள்பக்கம் சற்றே திருப்பினால் வடியும். முழங்கையைத் தூக்க வேண்டியதே இல்லை. இடக்கைக்காரர்களுக்கு இது அப்படியே எதிர்மாறு. இடக்கைக் கியூசு தனியாகக் கிடைக்கிறது. கேட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பிடி உள்ளதை எடுக்கலாம். கட்டைவிரல் மூடியின் குமிழை எட்டுகிறதா என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். எட்டாவிட்டால் கடைசிச் சொட்டுக்குச் சாய்க்கும்போது மூடி கோப்பைக்குள் விழும்.

மூடியும் மூக்கும்தான் வேலைத்தரத்தைக் காட்டிக்கொடுக்கும் இடங்கள். மூடியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நல்ல கியூசுவில் மண்ணும் மண்ணும் உரசும் மெல்லிய சரசரப்பு சுற்று முழுக்க ஒரே சீராகக் கேட்கும். ‘டக் டக்’ என்று ஓர் இடத்தில் ஆடினால் வாய் வட்டமாக இல்லை என்று பொருள். கியூசுவுக்குப் பேர்போன டோகொனாமே ஊர்க் குயவர்கள் சுட்ட பிறகு மூடியையும் உடலையும் தேய்ப்புப் பொடி வைத்து ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்துவார்கள். அதனால்தான் ஒன்றின் மூடி மற்றொன்றுக்குச் சேராது, உடைந்தால் மாற்று கிடைப்பதும் அரிது. குமிழில் அல்லது மூடியில் உள்ள காற்றுத்துளை மூக்கின் பக்கம் இருக்கும்படி மூடி வைத்தால் ஓட்டம் தடைபடாது. துளையை விரலால் மூடினால் ஓட்டம் நிற்கிறதா என்று சோதிப்பதுண்டு. நின்றால் பொருத்தம் அருமை. நிற்காவிட்டாலும் தேநீரின் சுவைக்கு நஷ்டமில்லை.

மூக்கில் இரண்டு பாருங்கள். நுனி, உடலின் வாய் மட்டத்துக்காவது உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் நிறைப்பதற்குள் மூக்கு வழியே வழிந்துவிடும். அடுத்தது உதடு: கூர்மையாக, கீழ்நோக்கிச் சற்றே வளைந்து முடிய வேண்டும். மொழுக்கென்று உருண்ட உதட்டில் நீர் அறுபடாது; வடித்து நிமிர்த்தியதும் மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து மேஜையில் வட்டம் போடும். கடையில் முடிந்தால் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியது ஊற்றும் அழகை அல்ல, நிறுத்தும் கணத்தை.

விலைக்கு வருவோம். கைவேலைக் கியூசு என்பது உடல், மூடி, மூக்கு, பிடி, வடிகட்டி என்று ஐந்து உருப்படி. தனித்தனியாகச் செய்து, ஒரே ஈரப்பதத்தில் பிடித்து, ஒட்டி, காயவைத்துச் சுட வேண்டும். ஒன்று முந்திக் காய்ந்தால் ஒட்டு வெடிக்கும். 3,000 யென் கியூசு பெரும்பாலும் கூழாக்கிய மண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றி எடுத்தது. உள்ளே அடித்தளத்தைப் பாருங்கள்: சக்கரத்தில் எழுந்ததில் விரல் ஓடிய சுருள்வரி இருக்கும், அச்சில் வந்ததில் மழமழவென்று இருக்கும், சில சமயம் வெளியே மெல்லிய தையல்கோடு தெரியும். அச்சு வேலை மட்டம் என்று சொல்ல வரவில்லை. மூடி பொருந்தி, மூக்கு அறுத்து ஊற்றினால் அதில் போட்ட தேநீருக்கும் விலை கூடியதில் போட்ட தேநீருக்கும் வித்தியாசம் சொல்வது கடினம். மேல்விலை எடைக்கும் சமநிலைக்கும் கைப்பழக்கத்துக்கும் கொடுப்பது. பிடியைக் கீழே வைத்து நிமிர்த்தினால் தானாக நிற்கும் கியூசு சமநிலை கூடிவந்தது என்பது டோகொனாமேயில் பழைய சோதனை. (விலைக்கு வாங்குவதற்கு முன் கடையில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.)

மண்ணைப் பற்றிக் கொஞ்சம். ஐச்சி மாகாணத்து டோகொனாமே சிவப்பு மண்ணுக்குப் பெயர்பெற்றது. சீனத்து யீசிங் செம்மண் கெண்டிகளைப் பார்த்து 1854இல் சுகியே ஜுமோன் அங்கே செம்மண் கியூசு செய்யத் தொடங்கினார். அந்த மரபில் வந்த மூன்றாம் யமாதா ஜோசன் 1998இல் ‘வாழும் தேசியச் செல்வம்’ என்ற அரசு அங்கீகாரம் பெற்றார். இன்றைய சிவப்பில் பெரும்பகுதி மண்ணோடு இரும்பு ஆக்சைடு கலந்து வருவது. அதே கியூசுவை உமிக்குள் புதைத்து மறுபடி சுட்டால் கறுப்பு. ஆகவே சிவப்பா கறுப்பா என்பது கண்ணுக்கான கேள்வி. மியே மாகாணத்து யொக்கைச்சியில் செய்யும் பாங்கோ, காற்றுக் குறைத்துச் சுட்டு ஊதா கலந்த பழுப்பாக வருவது. சாதோ தீவின் முமியோய் இன்னும் இறுகியது. மெருகு பூசாத இந்த மண்கள் துவர்ப்பைக் கொஞ்சம் தணிக்கும் என்று தேநீர்க்காரர்கள் சொல்வார்கள். இருந்தாலும் வடிகட்டியும் தண்ணீரின் சூடும் செய்யும் மாற்றத்துக்கு முன் அது சிறியது. மெருகில்லாத மண் வாசனையை உறிஞ்சும் என்பதில் மட்டும் சந்தேகமே வேண்டாம். ஹோஜிசாவுக்கும் சென்சாவுக்கும் ஒரே மண் கியூசு வேண்டாம். இஞ்சி ஏலக்காய், பால் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பால் நுண்துளையில் இறங்கினால் பாத்திரம் அதோடு சரி. எல்லா வகையும் ஒன்றிலேயே போடுவேன் என்பவருக்கு அரிதா பீங்கானோ உள்ளே மெருகு பூசியதோ நல்லது.

இணையத்தில் வாங்கினால் மூன்று படம் கேளுங்கள்: மூடி திறந்து வடிகட்டி தெரியும்படி ஒன்று, அடிப்பகுதி ஒன்று, மூடியின் உள்பக்கம் ஒன்று. குயவர் முத்திரை பொதுவாக அடியிலோ பிடிக்கு அருகிலோ குத்தியிருக்கும். ‘ஜப்பானிய பாணி’ என்ற சொல் ஜப்பானில் செய்தது என்பதற்குச் சான்று ஆகாது. பெட்டி வந்ததும் முதலில் மூக்கு நுனியையும் மூடி விளிம்பையும் நகத்தால் வருடிப் பாருங்கள். போக்குவரத்தில் அடிபடுவது இந்த இரண்டும்தான்.

மூக்கு நுனியில் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருந்தால் உடனே கழற்றி எறியுங்கள். அது பயணத்தில் நுனி உடையாமலிருக்க மாட்டியது. சொட்டாமல் ஊற்றுவதற்கான பாகம் என்று நினைத்து ஜப்பானிலேயே பலர் வருடக்கணக்கில் விட்டுவைக்கிறார்கள். அதற்கும் மண்ணுக்கும் நடுவே தேநீர் தேங்கிக் கறுத்துப் பூஞ்சை கட்டும். சூடான நீரில் ஒரு நிமிடம் வைத்தால் இளகி வந்துவிடும். பிறகு சோப்பு இல்லாமல் உள்ளும் புறமும் வெந்நீரில் அலசி, இரண்டு முறை வெந்நீர் நிறைத்து ஆறவிட்டுக் கொட்டுங்கள். மண்தூள் போய்விடும், அவ்வளவு போதும், கொதிக்கவைக்க வேண்டியதில்லை.

இனி போடும் விதம், இருவர் கணக்கில். சென்சா 5 கிராம், தண்ணீர் 170 மி.லி. கொதித்த நீரை முதலில் வெறும் கியூசுவில் ஊற்றுங்கள், அதிலிருந்து கோப்பைகளுக்கு. ஒவ்வொரு மாற்றலிலும் சுமார் 10 பாகை இறங்கும். கியூசு சூடாகிவிட்டது, அளவும் கோப்பையிலேயே தெரிந்துவிட்டது, வெப்பமானி தேவையில்லை. கோப்பையில் 80 பாகை வாக்கில் இருக்கும். உயர்ரக இலை என்றால் ஒரு நிமிடம் விட்டு 70 ஆக்குங்கள். காலியான கியூசுவில் இலையைப் போட்டு இந்த நீரை ஊற்றி மூடுங்கள். சாதாரண சென்சாவுக்கு ஒரு நிமிடம், ஃபுகமுஷிக்கு 30–45 விநாடி, 70 பாகையில் போட்ட உயர்ரகத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம். சூடு கூடினால் துவர்ப்பு சீக்கிரம் இறங்கும். இனிப்பும் சாரமும் தரும் தியனைன் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். ஊற்றும்போது ஒரு கோப்பையை நிறைத்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. ஒன்று, இரண்டு, திரும்ப இரண்டு, ஒன்று என்று மாற்றி மாற்றி ஊற்றினால் அடர்த்தி சமமாகும். இலை தன் எடையைப் போல நான்கு மடங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். 170 ஊற்றினால் 150 வரும். கடைசிச் சொட்டுகளை உதறாமல், சாய்த்தபடியே பொறுத்திருந்து வடியுங்கள். உள்ளே தேங்கும் இரண்டு மூன்று கரண்டிதான் அடுத்த வடிப்பைக் கெடுப்பது.

வடித்ததும் மூக்கின் எதிர்ப்பக்கத்தை உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டுங்கள். வடிகட்டியில் குவிந்த இலை பின்னால் சரியும். மூடியைச் சற்றுத் திறந்தே வையுங்கள், இலை ஆவியில் வேகாது. இரண்டாவது வடிப்புக்கு நீர் இன்னும் கொஞ்சம் சூடாக, 10–15 விநாடி போதும். இலை ஏற்கெனவே விரிந்திருக்கிறது.

இவ்வளவு செய்தும் நிறம் மங்கி, சுவை சப்பென்று இருந்தால் கியூசுவைக் குறை சொல்லாதீர்கள். ஜப்பானியத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சென்னை போர்வெல் நீர் போன்ற உப்பு ஏறிய தண்ணீரில் எந்தச் சென்சாவும் எழாது. உப்புக் குறைத்துச் சுத்திகரித்த நீரில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

வடிப்பு நடுவில் நின்றுபோனால் குலுக்காதீர்கள். குலுக்கினால் பொடி துளைக்குள் இன்னும் இறுகும். நிமிர்த்தி, பின்பக்கம் தட்டி, மெதுவாகச் சாயுங்கள். வேலை முடிந்ததும் இலையைக் கொட்டி, குழாய்த் தண்ணீரை மூக்கின் நுனி வழியாக உள்ளே பாய்ச்சினால், உள்ளிருந்து அடைத்த பொடி வந்த வழியே திரும்பிப் போய்விடும். மீதியை மென்மையான பல் பிரஷ் பார்த்துக்கொள்ளும். சசமே தகட்டை ஊசியாலோ பல்குத்தியாலோ குத்தினால் துளைகளுக்கு நடுவிலுள்ள மண் பாலம் உடையும், அதற்கு மாற்று இல்லை. கம்பி வலைக்கு மாற்று உண்டு, விட்டத்தை மி.மீ. கணக்கில் அளந்து வாங்க வேண்டும். வலையின் ஓரம் ஒருமுறை நெளிந்துவிட்டால் சுவருக்கும் அதற்கும் இடையே இலை புகுந்துகொள்ளும், அப்போது மாற்றத்தான் வேண்டும். கறை ஏறினால் வெந்நீரில் ஒரு கரண்டி சமையல் சோடா கலந்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரம் வேண்டாம். இலையை இரவு முழுக்க உள்ளே விடக் கூடாது. மூடியைப் போட்டு மூடி வைக்காமல், இரண்டையும் தனித்தனியே கவிழ்த்து உலரவிடுங்கள். நம் ஊர் மழைக்காலத்தில் மூடிய ஈரக் கியூசுவுக்குள் இரண்டே நாளில் பூஞ்சை வாசம் வந்துவிடும்.